பூசைக்கு வைத்த கையெழுத்து

"நான் போடாத கையெழுத்து, சார். ஆனா என்னுதுதான்னு கம்ப்யூட்டர் சொல்லுது" என்றாள் மாரீஸ்வரி, நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றாமல்.

கம்பத்தில் கட்டட இன்ஜினியர் அவள். காமயகவுண்டன்பட்டியில் அவள் வடிவமைத்த திராட்சைக் குளிர்கிடங்கின் தூண்கள் விரிசல் விட்டுவிட்டன. அவள் குறித்ததைவிட மெல்லிய கம்பி. கான்ட்ராக்டர் அழகுமலையோ அதே மெல்லிய கம்பியைக் குறித்து, அவளுடைய டிஜிட்டல் கையெழுத்தோடு இருக்கும் ஒரு வரைபட ஃபைலை நீட்டுகிறார். திங்கட்கிழமை விசாரணை. லைசென்ஸ் பறிபோகும், கைதும் ஆகலாம்.

தேனியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் கர்ணன் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தார். உதவியாளர் எப்சிபாவுக்கு அந்தப் பொறுமை ஏது? "வேற ஃபைல்லேருந்து வெட்டி ஒட்டிருப்பாக, சார்" என்று சோதித்துப் பார்த்தவள் முகம் சுருங்கிப்போனது. கையெழுத்து அசல். போட்ட பிறகு ஃபைலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. போட்டது சரஸ்வதி பூசையன்று சாயங்காலம்.

"அப்ப அது உங்க டோக்கன்ல போட்டதுதான். அன்னிக்கு அது எங்கன இருந்துச்சும்மா?" என்றார் கர்ணன். பென்டிரைவ் போன்ற அந்த டோக்கனை லேப்டாப்பில் சொருகி, ரகசிய பின் நம்பரை அடித்தால்தான் கையெழுத்து விழும்.

"ஆபீஸ்ல, பூசைல. டேப்பு, லேப்டாப்பு எல்லாத்தோடயும் வச்சேன். டோக்கனோட மூடி தொலஞ்சுபோச்சு, அதனால சொருகுற தகட்டு மேலயே சந்தனம் அப்புனேன். பூசையன்னிக்கு எதையும் எடுக்கமாட்டோம். மறுநாள் காலைல நானே ஈரத்துணியால தொடச்சு எடுத்தேன்."

"பின் நம்பர்?"

அவள் தலை குனிந்தாள். "படம் வரையுற மதன்குமாருக்குத் தெரியும். கணக்குப் பாக்குற என் தம்பி விஷாலுக்கும் தெரியும். ஆபீஸ் சாவியும் ரெண்டு பேருகிட்டயும் இருக்கு."

வரைபவன்தானே வரைபடத்தைத் திருத்த முடியும்? எப்சிபா மனதுக்குள் மதன்குமாருக்கு விலங்கே மாட்டிவிட்டாள்.

மறுநாள் கம்பம் அலுவலகத்தில் இருவரின் லேப்டாப்பையும் கர்ணன் மேசைமேல் வைக்கச் சொன்னார். எப்சிபா செல்போன் வெளிச்சத்தில் பக்கவாட்டில் டோக்கன் சொருகும் துளைகளைப் பார்த்தாள். மதன்குமாருடையதில் தூசிதான். விஷாலுடையதில் ஒரு துளைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. முகர்ந்தாள். சந்தனம்.

"லேப்டாப்புக்கும்தான் அக்கா சந்தனம் வச்சாக" என்றான் விஷால்.

"லேப்டாப்பு மேல வச்ச பொட்டு துளைக்குள்ள போகாது, தம்பி. சந்தனத்தோட டோக்கனைச் சொருகினாத்தான் போகும். அக்கா அதைத் தொடச்சது மறுநாள் காலைல. அதுக்கு முன்னாடி சொருகுனது நீங்க" என்றார் கர்ணன்.

"எனக்கு வரையவே தெரியாது, சார்."

"கம்பி அளவுல ஒரு நம்பரை மாத்த வரையத் தெரிய வேணாம்."

விஷாலின் குரல் இறங்கியது. "அடுத்த வேலைல கூட்டு சேத்துக்கிறேன்னு அழகுமலை சொன்னாரு. இம்புட்டு ஆகும்னு நெனைக்கலக்கா."

"அந்தத் தூணுக்குக் கீழ பழம் அடுக்குற பொம்பளைக நிப்பாகன்னாவது நெனச்சியாடா?" என்றாள் மாரீஸ்வரி.

மதன்குமாரை நிமிர்ந்து பார்க்க எப்சிபாவுக்கு வெட்கமாக இருந்தது.

கர்ணன் லேப்டாப்பில் புகாரைத் தயார்செய்து மாரீஸ்வரி முன் வைத்தார். "தம்பி பேரு வருதும்மா. யோசிச்சுக்கங்க."

மாரீஸ்வரி டோக்கனைச் சொருகினாள். முதலில் பின் நம்பரை மாற்றினாள். பிறகு, தம்பி பார்த்துவிடாதபடி இடது கையால் விசைகளை மறைத்துக்கொண்டு, புகாரில் கையெழுத்துப் போட்டாள்.