டோக்கியோவோடு சண்டை... தோணிரேவில் பிணம்!

"ஐயோ... எம் புருசனை அடிச்சுப் போட்டுட்டானுங்களே!"

சாந்தியின் அலறல் தோணிரேவு ஏரிக்கரை முழுக்கக் கேட்டது.

காலை ஏழு மணி. அவள் புருஷன் தருமலிங்கம் ஏரிச் சேற்றில் குப்புறக் கிடந்தான். படகு தள்ளும் கழியால் பின்மண்டையைப் பிளந்திருந்தார்கள்!

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஹேமாவதி ஜீப்பை விட்டு இறங்கினாள். பிணத்தைப் பார்த்தாள். அப்புறம் ஏரியைப் பார்த்தாள்.

ஏரி முழுக்கப் படகுகள்!

"என்னய்யா இது? ஊர்ல சாவு விழுந்தா மூணு நாள் ஒருத்தனும் ஏரியில இறங்க மாட்டீங்களே?"

ஊர்த் தலைவர் திருவேங்கடம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஊர்க்காரன் செத்தாத்தான் மேடம் நிறுத்துவோம். இவனை நேத்து சாயங்காலமே தள்ளி வெச்சாச்சு."

"ஏன்?"

"அடுத்தவன் பாட்டுல வலை வெச்சுட்டான்."

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை வைப்பது... சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. அதை மீறியவன் உயிரோடு இருந்தாலும் ஊருக்குச் செத்தவன்தான்.

"மாமா... உங்க காலைப் புடிக்கறேன்!" சாந்தி அவர் காலில் விழுந்தாள். "ஒரே ஒரு நாள் படகை நிறுத்துங்க. நாய் செத்தா மாரி தூக்கிப் போட வெச்சுடாதீங்க!"

"தீர்ப்பு தீர்ப்புதான். போ அந்தாண்ட."

அடப்பாவி மனுஷா! குனிந்து அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது பைக்கில் வந்து இறங்கினான் மோகன்குமார். அதே ஊர்க்காரன். நண்டு ஏஜென்ட்.

"இன்னா தலைவரே அநியாயம் இது? கரையில பொணம் கெடக்குது... ஏரியில படகு ஓடுது! மூணு நாள் நிறுத்தச் சொல்லுங்க!"

"நேத்து நீ ஊர்ல இல்ல. அவனைத் தள்ளி வெச்சாச்சுடா."

மோகன்குமார் முகத்தில் ஈயாடவில்லை.

"தள்ளி... வெச்சுட்டீங்களா?"

ஹேமாவதி சட்டென்று திரும்பினாள்.

"நேத்து எங்கே போயிருந்தே?"

"மெட்ராஸ் மேடம். ஏத்துமதி மொதலாளியப் பாக்க. விடிகாலை நாலு மணிக்குத்தான் வந்தேன்."

"என்ன அவசரம்?"

"ஜப்பான்காரங்க தைவானைப் பத்தி ஏதோ பேசிட்டாங்களாம். சீனாக்காரனுக்குக் கோவம்! உங்க மீனு, நண்டு ஒண்ணும் வேணாம்னு கதவைச் சாத்திட்டான். இப்ப நம்ம நண்டுக்குப் பறக்கறாங்க மேடம்!"

"அந்தப் பேராசையிலதான் தருமலிங்கமும் பாடு மீறுனான்" என்றார் திருவேங்கடம்.

"உங்கிட்ட நண்டு இருக்கா மோகன்?" என்றாள் ஹேமாவதி.

"காட்டூர்ல குட்டை வெச்சிருக்கேன். ரெண்டு டன்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஓஹோ... ஏரி நின்னா உன் குட்டை நண்டு மட்டும்தான் சீனா போகும். அப்படித்தானே?"

"இன்னா மேடம் பேஜார் பண்றீங்க! எனக்கும் அவனுக்கும் ஒரு விரோதமும் இல்ல!"

ட்ரிங்... ட்ரிங்...

அவன் பாக்கெட்டில் செல்போன் அலறியது. அவன் வெளியே எடுத்ததும் 'மொதலாளி' என்று ஒளிர்ந்த போனை ஹேமாவதி பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய் மோகன்! விடிகாலை அஞ்சு மணிக்கு போன் போட்டு இன்னா சொன்னே? தோணிரேவுல சாவு... மூணு நாளைக்கு ஏரி நண்டு வராது... என் நண்டுதான் கதின்னியே! இப்ப ஏரி நண்டு வண்டி கெளம்பிடுச்சுன்னு சொல்றானுங்க! சீனாவுக்கு அதையே அனுப்பிக்கறேன். உன் நண்டை நீயே தின்னு!"

போன் செத்தது.

ஹேமாவதி சிரித்தாள்.

"ஏழு மணிக்குத்தான் சாந்தியே பிணத்தைப் பார்த்தா. உனக்கு மட்டும் அஞ்சு மணிக்கே எப்படிய்யா தெரிஞ்சுது?"

ஓடினான்! பத்தடி கூடத் தாண்டவில்லை. சேறு முழங்கால் வரை உள்ளே இழுத்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"அவன் மேல கோவமே இல்ல மேடம்..." அழுதான். "ஊர்ல ஒரு சாவு வேணும். அவ்ளோதான்! விடிகாலையில தனியா வந்து மாட்னது அவன்..."

சாந்தியின் அழுகை பட்டென்று நின்றது.

"யாரோ ஒருத்தன் சாவணும்னா... எம் புருசனாடா கெடச்சான்?"

இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அவன் வாயில் அப்பினாள். யாரும் தடுக்கவில்லை. ஹேமாவதியும் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விலங்கு மாட்டினார்கள்.

"தலைவரே!" மோகன்குமார் சேற்றைத் துப்பிக்கொண்டே கதறினான். "நானும் ஊர்க்காரன்! என்னைத் தூக்குல போட்டுடுவாங்க தலைவரே!"

"உன்னையும் இப்பவே தள்ளி வெச்சாச்சு" என்றார் திருவேங்கடம். "தூக்குத் தேதியை மட்டும் சொல்லி அனுப்புடா... அன்னிக்கும் ஏரியில வலை போட்டு, நண்டு எப்படிப் படுதுன்னு நான் சொல்லி அனுப்பறேன்!"