எட்டுச் சக்கரங்களைச் சுற்றி ஒரு கோடு

குண்டூசிக்கு முதலில் கேட்டது 'டமார்' என்ற சத்தம். அடுத்துக் கேட்டது அம்மாவின் குரல்.

"என் தப்புதாங்க! சரி பண்ணிக் குடுத்துடுறேன்!"

கார் இன்னும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. எதிரே என்ன நிற்கிறது என்றுகூட அம்மா பார்க்கவில்லை. அதற்குள் மன்னிப்பு வெளியே குதித்துவிட்டது.

அம்மா தையல்காரி. சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று யார் வந்து நின்றாலும், அவரே போன மாதத்தைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தாலும், "என் தப்புதாங்க, சரி பண்ணிக் குடுத்துடுறேன்" என்பாள். இருபது வருடப் பழக்கம். நடுரோட்டில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்குமா?

"உனக்கு அடி பட்டுச்சாடி?"

"இல்லம்மா. உனக்கு?"

"இல்ல. ஆனா எல்லாம் போச்சு! லைசென்ஸ் வாங்கி மூணு வாரம்கூட ஆகல. இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்."

குண்டூசிக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஒல்லியான உடம்பு, குத்திக் குத்திக் கேள்வி கேட்கும் வாய். அதனால்தான் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். அம்மா கார் ஓட்டுவதில் அம்மாவைவிட அவளுக்குத்தான் பெருமை அதிகம்.

இருவரும் இறங்கிப் பார்த்தார்கள். முட்டிக்கொண்டு நின்றது ஒரு ரொட்டி வேன். ரோடெல்லாம் ரொட்டி. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"வேன்தான் வேகமா வந்துச்சு!"

"இல்லீங்க, கார்தான் வளைஞ்சுச்சு!"

"ரெண்டுமே நின்னுட்டுதான் இருந்துச்சு. நான் பாத்தேன்," என்றார் ஒரு சைக்கிள்காரர்.

நின்றுகொண்டிருந்த இரண்டு வண்டிகள் எப்படி மோதும்?

"அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களே! அப்புறம் என்ன பேச்சு?" என்றார் வேன்காரர்.

குண்டூசி அம்மாவின் காதோடு கேட்டாள். "அம்மா, நிஜமாவே நீதான் இடிச்சியா?"

"தெரியலடி."

"தெரியாம எப்படி உன் தப்புன்னு சொன்ன?"

அம்மா இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ பாத்தியா?"

'வேன்தான் இடிச்சது' என்று சொல்ல குண்டூசிக்கு நாக்கு துடித்தது. ஆனால் அவள் பார்க்கவில்லை. மோதிய நேரத்தில் குனிந்து பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றாள்.

"வண்டிங்களை ஓரம் கட்டுங்கப்பா! எவ்வளவு நேரம் வழியை மறிப்பீங்க?" என்று நாலு பேர் தள்ளத் தயாரானார்கள்.

தள்ளிவிட்டால் எது எங்கே நின்றது என்று யாருக்குத் தெரியும்? அம்மாவின் போனில் படம் எடுக்கலாம் என்றால், அது சீட்டுக்கு அடியில் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. அம்மாவின் கடையில் கோடு போடாமல் துணியில் கத்தரி படாது. குண்டூசி அம்மாவின் பைக்குள் கையை விட்டுச் சாக்கட்டியை எடுத்தாள்.

"ஒரே ஒரு நிமிஷம்! கோடு போட்டுக்கறேன், அப்புறம் தள்ளுங்க!"

கூட்டத்தில் நின்ற பேப்பர் கடை அக்கா இரண்டு கைகளையும் விரித்து, ரோட்டில் வந்த மற்ற வண்டிகளை நிறுத்தினாள். கார்ச் சக்கரம் நான்கு, வேன் சக்கரம் நான்கு. ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டு முடித்த பிறகுதான் காரும் வேனும் ஓரத்துக்கு நகர்ந்தன.

அப்போது வேன்காரர் கேட்டார். "பாப்பா, என் செருப்பு எங்க?"

"கால்லதான் இருக்கு அங்கிள்."

சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. மூன்றாவது முறை கேட்டபோது கூட்டமே சிரித்தது. குண்டூசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் கிளம்பணும்," என்று வேனில் ஏறப்போனார்.

"கிளம்பாதீங்க அங்கிள். இப்படி உக்காருங்க. அக்கா, ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க!"

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த நர்ஸ், அம்மாவையும் குண்டூசியையும் பரிசோதித்துவிட்டு, வேன்காரரைப் படுக்கவைத்து அழைத்துப்போனார். "தலையில அடி பட்டிருக்கு. நல்லவேளை, இந்த நிலைமையில ஓட்டல," என்றார்.

போலீஸ்கார அம்மா ஒருவர் வந்து சாக்கட்டி வட்டங்களைக் குனிந்து பார்த்தார். ரோட்டின் நடுவே வெள்ளைக் கோடு. காரின் நான்கு வட்டங்களும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். வேனின் முன்வட்டங்களும் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கமே.

"யார் தப்புன்னு விசாரிச்சுதான் சொல்வோம். ஆனா கார் அதோட பக்கத்துலதான் இருந்திருக்கு. என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

அம்மா வாயைத் திறந்தாள். "என் தப்..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தினாள்.

"என் பக்கத்துலதான் வந்தேன். டமார்னு கேட்டுச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

"அது போதும்," என்று எழுதிக்கொண்டார் அவர்.

மெக்கானிக் வந்து காரை முழுதும் பார்த்தார். "பம்பர்தான் நசுங்கியிருக்கு. ஓட்டலாம்க்கா. இல்ல, நானே வீடு வரைக்கும் கொண்டாந்து விடட்டுமா?"

அம்மா நசுங்கிய பம்பரைத் தடவிப் பார்த்தாள். குண்டூசி மட்டும் பின் சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"பயமா இல்லையாடி?"

"இருக்கு. ஆனா இன்னிக்கு விட்டா நீ மறுபடியும் ஓட்டவே மாட்டியேம்மா."

அம்மா மெக்கானிக்கைப் பார்த்து, "வேணாங்க, நானே ஓட்டிக்கறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.