பப்பாளியா, சந்தனமா?

செவ்வாய்க் குடியிருப்பில் யாரும் சுவருக்குச் சாயம் பூசுவதில்லை. அது கண்ணின் வேலை. விழிக்குள் பொருத்திய நிறவில்லையிடம் ஒரு நிறத்தைச் சொன்னால் போதும், வெற்றுச் சிமெண்டுச் சுவர் அந்த நிறத்தில் தெரியும். ஒரே கூடத்தில் மாமியார் பச்சைச் சுவரையும் மருமகள் ஊதாச் சுவரையும் பார்த்தபடி சமாதானமாகக் காப்பி குடித்தார்கள்.

மதிவதனிக்கு ஏழாம் மாதம் ஆனபோதுதான் சிக்கல் முளைத்தது. ஐந்து வயதுக்கு முன் நிறவில்லை கூடாது என்பது சட்டம். பிறக்கப்போகும் குழந்தை நிஜச் சுவரைத்தான் பார்க்கும். தன் பிள்ளை கண்விழித்ததும் பார்ப்பது சாம்பல் சிமெண்டா? கூடவே கூடாது என்றாள் வதனி. ஆகவே குழந்தையின் அறைக்கு மட்டும் நிஜச் சாயம் என்று முடிவாயிற்று. அவள் சந்தன நிறம் என்றாள். கணவன் கோவேந்தன் பப்பாளி நிறம் என்றான்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பப்பாளி நிறமாகக்கூட நுழையக் கூடாது என்று வதனியின் அம்மா பூமியிலிருந்து செய்தி அனுப்பினார். கோவேந்தனின் அம்மா சும்மா இருப்பாரா? சந்தனம் குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றார். அறிவியல் அவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது.

கடைசியில் கோவேந்தன் பெரிய மனது பண்ணினான்.

"சரி வதனி, உன் இஷ்டம்."

சொன்ன கையோடு, சாயம் பூச வந்திருந்த இயந்திரனைத் தனியே கூப்பிட்டுப் பப்பாளி என்றான். அவள் வில்லையில் எப்படியும் சந்தனம்தானே தெரியும், எங்கே கண்டுபிடிக்கப் போகிறாள்? அவன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பவன் அல்லன் என்று அறிந்த வதனியும் இயந்திரனைத் தனியே கூப்பிட்டு, யார் மாற்றிச் சொன்னாலும் சந்தனம்தான் என்றாள்.

இரண்டு உத்தரவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இயந்திரன், சுவரைத் தொடாமலேயே இருவரிடமும் நிறம் திருப்தியா என்று கேட்டது. இருவரும் தத்தம் வில்லை வழியே எட்டிப் பார்த்து, பிரமாதம் என்றார்கள். வேலை முடிந்ததாகப் பதிந்துவிட்டு அது போய்விட்டது.

மகள் பிறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சிரித்தாள், சுவர்ப் பக்கம் திருப்பினால் வீறிட்டாள். பெற்றவர்கள் தூக்கமில்லாமல் துவண்டுபோனார்கள். பயந்துபோய் மருத்துவரை வரவழைத்தார்கள்.

அவர் குழந்தையின் கண்களைச் சோதித்தார். பழுதில்லை. தன் வில்லையில் இளம்பச்சையாகத் தெரிந்த சுவரையும் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"சுவர்ல ஒரு குறையும் இல்லம்மா. குழந்தை பார்க்கிறதுலதான் கோளாறு. வில்லையை இப்பவே வச்சிடலாம்."

சட்டத்தில் விலக்கு வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றார். வதனியும் கோவேந்தனும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். மணமான நாளிலிருந்து இருவரும் மறுபேச்சில்லாமல் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.