பெயர் காட்டாத செய்தி

இரவு ஷிப்ட் முடிந்து கூலிம் நகரில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஜானிஸின் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்து விழுந்தது. ‘உங்களுடன் உடலுறவு கொண்ட ஒருவருக்குப் பால்வினை நோய் இருக்கிறது. நீங்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.’ அனுப்பியவர் பெயர் இல்லை. நேரில் சொல்லக் கூசுகிறவர்கள் பெயர் காட்டாமல் எச்சரிப்பதற்கென்றே கிளினிக்கில் கொடுக்கிற செயலி வழியாக வந்தது அது. ஜானிஸுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டு வயதாகிறது, ஓர் ஆணின் விரல்கூட அவள்மேல் பட்டதில்லை. எவளுக்கோ போகவேண்டியது நம்பர் தவறித் தனக்கு வந்துவிட்டது, பாவம் அவள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. இந்த முறை அவள் பெயர் போட்டு.

அன்றே கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்தாள். நோய் இருக்கிறது என்று முடிவு வந்தது. நர்ஸ் நவமணி அறைக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தானா வராது லா இது, தங்கச்சி. யாருன்னு சொல்லு, நான் ஏசமாட்டேன்.”

“யாருமே இல்லக்கா. சத்தியமா.”

நவமணி நம்பவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு, வாயால் சொல்லப் பிடிக்காவிட்டால் செயலியிலேயே அந்த ஆளுக்குப் பதில் எழுதலாம் என்று காட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

வாடகையைப் பங்கிட்டுக் கூடத் தங்கியிருந்த காஞ்சனா கல்யாணமாகி மெர்கோங்குக்குப் போனதிலிருந்து அந்த வரிசை வீட்டில் ஜானிஸ் தனியாள். பாலிங்கில் இருந்த அம்மாவும் கண்ணை மூடிவிட்டார்; இதைச் சொல்லி அழக்கூட ஓர் ஆள் இல்லை. இரும்புக் கதவை உள்ளே பூட்டினாள். பகலில் உறக்கம் வராது என்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு கட்டையாய்க் கிடப்பவள், இன்று போடவில்லை. திரையை இழுத்துவிட்ட இருட்டில், மின்விசிறியின் கிறீச்சொலியும், பக்கத்து வீட்டில் நெத்திலி பொரிக்கும் வாடையும், வெயிலில் கூரை முறுக்கிக்கொள்ளும் சடசடப்பும் மாறி மாறி வந்துகொண்டிருக்க, அவற்றுக்கு நடுவே, காஞ்சனா விட்டுப்போன தலையணையிலிருந்து ஏதோ தலையெண்ணெயின் நெடி லேசாக எழுந்தது.

முகர்ந்து பார்த்தாள். இருவருமே தேய்க்காத எண்ணெய். ஆண்பிள்ளை வியர்வை.

உடம்பு கூசியது. தனக்கே தெரியாமல் தன் உடம்பு என்னவெல்லாம் பட்டதோ என்று நினைத்தபடி தலையணையைத் தரையில் எறிந்தாள். யாரென்று தெரிந்தாக வேண்டும். செயலியைத் திறந்து எழுதினாள்: ‘நீ யார்?’

அனுப்பினாள்.

டிங்.

தலைக்கு மேலே. சீலிங்கில்.

வரிசை வீடுகள். சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே எல்லா வீட்டுக்கும் தடுப்பில்லாத ஒரே வெளி.

பதில் வந்தது. ‘இன்னைக்கு மாத்திரை போடலையா?’

சாவி. சாவியை எங்கே வைத்தாள்? மெத்தையைத் துழாவினாள்; இல்லை.

சீலிங் பலகை ஒன்று மெல்ல நகர்ந்தது. கறுப்பு இடைவெளியிலிருந்து ஒரு வெறுங்கால் இறங்கியது. அது இடம் தேடித் தடவவில்லை. பழகிய படியில் இறங்குவதுபோல் அலமாரியின்மேல் நேராக வந்து நின்றது.