கன்ட்ரோல் விலைக்கு ஒரு கொலை!

"ஐயோ... ஐயய்யோ...!"

கிருஷ்ணாயில் டெப்போவுக்குள்ளிருந்து அலறல் வந்தது.

வெளியே க்யூவில் யாரும் பதறவில்லை. அறுபத்தாறாம் வருஷத்து ஆடி மாதம் அது. சர்க்கார் மண்ணெண்ணெய்க்குக் கன்ட்ரோல் போட்டு, விலை கட்டி, கார்டு கொடுத்து, கார்டுக்கு ஒரு பாட்டில் என்று உத்தரவும் போட்டிருந்தது. எல்லாம் இருந்தது. எண்ணெய்தான் இல்லை!

'ஸ்டாக் தீர்ந்துடுச்சு' என்று டீலர் சொல்லும்போதெல்லாம் உத்திரமேரூரில் யாராவது ஒருத்தி அலறுவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் இன்று டெப்போ இன்னும் திறக்கவே இல்லையே...!

பெருக்குவதற்காகப் பின்வாசல் வழியே உள்ளே போன அம்முலு, விளக்குமாறும் கையுமாக முன்பக்கம் ஓடி வந்தாள்.

"தாமோதரன் நைனா... உள்ள... செத்துக் கெடக்குறாரு! மண்டையெல்லாம் ரத்தம்!"

டீலர் தாமோதரன் டிரம்முக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. டிரம் மூடியைத் திருகும் இரும்புச் சாவி ரத்தத்தோடு அருகில் கிடந்தது. தலைக்கு மேலே சர்க்காரின் விலைப் பலகை அமைதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

க்யூ வாசலை நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"அப்போ... இன்னிக்கு எண்ணெ ஊத்த மாட்டாங்களா?" என்று கேட்டது ஒரு குரல்.

கேட்டவரைத் திட்டாதீர்கள். அவர் வீட்டில் விளக்கு எரிந்து வெகு நாளாகிறது.

* * *

சப்-இன்ஸ்பெக்டர் தாண்டவராயன் மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். முந்தின நாள் செங்கல்பட்டு கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனவர். சாட்சி சொல்லவில்லை. வாய்தா! ராத்திரி ஒரு பெஞ்சில் படுத்து, கொசுவுக்கு ரத்ததானம் செய்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

'வீட்டுக்குப் போய்ச் சூடாக ஒரு வாய்...' என்று நினைத்தார். நினைப்போடு சரி. வீட்டிலும் ஸ்டவ் பட்டினிதான். பச்சை விறகை ஊதி ஊதி மனைவி கனகாவுக்குக் கண் சிவந்து போயிருந்தது.

ஸ்டேஷன் வாசலிலேயே ஹெட் கான்ஸ்டபிள் வீராசாமி பிடித்துக்கொண்டார்.

"சார், டெப்போ தாமோதரன் கொலை! ஆளையும் புடிச்சாச்சு!"

"அதுக்குள்ளயா? யாருய்யா?"

"ஏசுதாஸ்னு ஒரு கூலிக்காரன். மானாம்பதி ஊரு. நேத்து சாயங்காலம் டெப்போ வாசல்ல தாமோதரனோட சண்டை. 'உன்னை வெட்டாம வுட மாட்டேன்'னு கத்தினானாம். முத்துகிருஷ்ணன்தான் வந்து சொன்னாரு."

"எந்த முத்துகிருஷ்ணன்?"

"பஸ் ஸ்டாண்டு ஓட்டல்காரர் சார். உள்ளதான் இருக்காரு. உங்களுக்குக் காபி கொண்டாந்திருக்காரு."

முத்துகிருஷ்ணன் கூஜாவோடு எழுந்து நின்றார். நெற்றியில் திருமண். முகத்தில் துக்கம்.

"குடிங்க சார். மூஞ்சே வாடிப் போய்க் கீது. நான் என் காதால கேட்டேன் சார், அவன் கத்தினத! தாமோதரன் தங்கமான மனுசன்..."

காபி கொதித்தது. தாண்டவராயன் நாக்கு பொசுங்கப் பொசுங்கக் குடித்தார். அந்த நிமிஷத்தில் முத்துகிருஷ்ணன் அவருக்குத் தெய்வமாகத் தெரிந்தார்.

லாக்கப்பில் ஏசுதாஸ் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. வீராசாமியின் கைவேலை.

"சண்டை போட்டியா?"

"போட்டேன் சார். உள்ள டிரம்ம வெச்சிக்கினே இல்லன்னாரு. பேஜாராயி கத்திட்டேன். கத்தறவன்லாம் வெட்டுவானா சார்?"

"காலையில எங்க இருந்த?"

"டெப்போ வாசல்லதான் சார். விடிஞ்சதுலேர்ந்து அங்கியேதான் நின்னுக்கினு இருந்தேன்! யார வேணா கேளுங்க!"

வெளியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி ஜெயம்மாள் நின்றாள். அழுது முடித்துவிட்டிருந்தாள்.

"ஐயா... தூக்குல போட்ருவாங்களா?"

தாண்டவராயன் மனசுக்குள் கணக்குப் போட்டார். கொலை, பகை, மிரட்டல்... எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அவன் வாசலில் நின்றதாக நாலு பேர் சொன்னால் பிழைப்பான். இல்லாவிட்டால் கயிறுதான்.

"க்யூல இருந்தவங்களைக் கூப்பிடுய்யா."

* * *

காலை எட்டு மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே தாண்டவராயன் எல்லோரிடமும் அதையே கேட்டார். கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துப் போயிற்று.

"எட்டு மணிக்கு ஏசுதாஸ் க்யூல இருந்தானா?"

"இல்லீங்க," என்றார் பெருமாள்.

"வேற யார் இருந்தா?"

"நான், செல்லாயி, முத்துகிருஷ்ணன் நைனா... எல்லாந்தான்."

சிட்டம்மாள் வந்தாள்.

"ஏசுதாஸ் க்யூல இருந்தானா?"

"இல்லியே!"

"முத்துகிருஷ்ணன்?"

"அவரு இருந்தாரு."

எல்லப்பன் வந்தார். அதே பதில். அடுத்தவர். அதே பதில்!

கம்பத்தடியில் ஜெயம்மாள் ஒவ்வொரு 'இல்லீங்க'வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்து, கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும்யா. முடிச்சுடலாம்," என்று கொட்டாவி விட்டார் தாண்டவராயன்.

"இன்னும் ஒருத்தி பாக்கி சார்."

செல்லாயி நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். வலது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"எட்டு மணிக்கு க்யூல உனக்கு முன்னாடி யாரும்மா?"

"பெருமாளு."

"அவனுக்கு முன்னாடி?"

"முத்துகிருஷ்ணன் நைனா."

"அவருக்கு முன்னாடி?"

"நீங்க."

தாண்டவராயனின் கொட்டாவி பாதியில் நின்றது.

"யாரு...?"

"நீங்கதான் சார். எஸ்.ஐ. ஐயா."

"ஏம்மா, எட்டு மணிக்கு நான் செங்கல்பட்டுல இருந்தேன்!"

"அத்த நான் கண்டனா? இங்க க்யூல இருந்தீங்க. யார வேணா கேட்டுப் பாருங்க!"

வீராசாமி தொண்டையைச் செருமினார். செருமிய விதமே சரியாக இல்லை.

"சார்... அது வந்து... அம்மா உங்க வூட்டு டின்னைக் குடுத்தாங்க. நான்தான் விடியக்காலையில கொண்டுபோய் க்யூல வெச்சேன்."

"டின்னை வெச்சா... நான் நின்னதா அர்த்தமா?"

"பின்ன?" என்றாள் செல்லாயி. "எண்ணெ எப்ப ஊத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும்? டின்ன வெச்சிட்டு அவங்கவங்க களை புடுங்கப் போவாங்க, கஞ்சி காய்ச்சப் போவாங்க. டின்னு நின்னா ஆளு நின்னாப்புலதான். ஊரே அப்படித்தானே சார் பண்ணுது!"

தாண்டவராயன் நாற்காலியில் சாய்ந்தார்.

மத்தியானம் முழுக்க அவர் வாங்கிய சாட்சியெல்லாம் தகர டின்களைப் பற்றிய சாட்சி! அவர் விசாரித்தது ஆட்களை. அவர்கள் சொன்னது டின்களை. தூக்கம், பசி எல்லாம் ஒரே நொடியில் கலைந்தன.

"கால்ல என்னம்மா காயம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அத்த ஏன் கேக்கிறீங்க! மில்லுல எட்டு மணி சங்கு ஊதறப்போ ஒரு வைக்கோல் வண்டி வந்திச்சி. டின்னுங்கள ஓரமாத் தள்ளினோம். ஆடிக் காத்துல உருளாம இருக்க ரெண்டு கல்லு போட்டிருப்பாங்க. ஒதைச்சா நவுந்துடும். முத்துகிருஷ்ணன் நைனா டின்னு மட்டும் நவுரல. என் நகமே பேந்துடுச்சி! அப்பால நானும் ஏசுதாஸும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சித் தூக்கி வெச்சோம்."

"நீயும் யாரும்...?"

"நானும் ஏசுதாஸும்."

"எட்டு மணிக்கா?"

"சங்கு ஊதிக்கினே இருந்திச்சி சார்."

தாண்டவராயன் மேஜையை ஓங்கிக் குத்தினார்.

"அப்போ ஏசுதாஸ் க்யூல இல்லேன்னு ஊரே ஏன் சொல்லுது?"

செல்லாயி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"க்யூல இல்லதான். வாசல்ல நின்னுக்கினு இருந்தான். அவன் டின்னு ஓட்ட. ஈயம் வெக்கக் குடுத்துட்டான். டின்னே இல்லாதவன் எப்புடி சார் க்யூல இருப்பான்?"

* * *

டெப்போ வாசலில் டின்கள் இன்னும் வரிசையாக நின்றன. கொலை நடந்தாலும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் இடம் போய்விடுமே! அவற்றைச் சுற்றி ஊர் கூடியிருந்தது. முத்துகிருஷ்ணனும் இருந்தார்.

தாண்டவராயன் தன் வீட்டு டின்னை உதைத்தார். கடகடவென்று கல் உருள, அது நகர்ந்தது.

அடுத்ததைத் தொட்டார்.

"இது யாருது?"

"என்னுதுதான் சார்," என்றார் முத்துகிருஷ்ணன். குரலில் பழைய துக்கம் இல்லை. "காத்துக்குக் கல்லு போட்டிருக்கேன்..."

"மலையையே போட்டுட்டீங்க போலிருக்கே!"

தாண்டவராயன் டின்னின் வாயில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கினார். சாய்த்தார்.

கல் விழவில்லை.

எண்ணெய் கொட்டியது! நீலம் மின்ன, மணம் வீச, சுத்தமான மண்ணெண்ணெய்!

கூட்டம் வாயைப் பிளந்தது. இத்தனை எண்ணெயை ஒரே இடத்தில் அவர்கள் பார்த்துப் பல நாள் ஆகிறது.

"எண்ணெய் வாங்குற க்யூவுக்கு எண்ணெயோட வந்த ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்," என்றார் தாண்டவராயன். "ஏன்யா... வெக்கிறதுக்கு ஒரு காலி டின் கூடவா உன்கிட்ட இல்லை?"

இல்லை! அதுதான் உண்மை. ஓட்டலின் பின்னறையில் டின், அண்டா, தவலை எல்லாமே தளும்பிக்கொண்டிருந்தன. ஊரில் எல்லா டின்னும் காலி. காலி டின் இல்லாத ஒரே மனுஷன் முத்துகிருஷ்ணன்தான்.

"எட்டு மணிக்கு எங்க இருந்த?"

"க்யூ... க்யூலதான்..."

"டின் இருந்துச்சு. நீ எங்கய்யா இருந்த?"

முத்துகிருஷ்ணன் நாலாபுறமும் பார்த்தார். நாலாபுறமும் டின்காரர்கள். போலீஸே தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தாலுகா ஆபீஸ்லேர்ந்து இன்னிக்கு ஸ்டாக் பாக்க வர்றதா இருந்தாங்க சார். பின்வாசல்ல எனக்கு வித்த ரெண்டு டிரம்மத் திருப்பிக் குடு, இல்லாட்டி உன் பேரச் சொல்லிடுவேன்னு தாமோதரன் நேத்து மெரட்டினான். கடை போய்டும், மானம் போய்டும்... வேற வழி தெரியல சார். டின்ன முன்வாசல்ல வெச்சிட்டுப் பின்வாசல்ல போனேன்."

"பழியை ஏசுதாஸ் மேல ஏன்யா போட்ட?"

"அவன் கத்தினான். வசதியா இருந்திச்சி."

தாண்டவராயனுக்கு அந்தக் காபி ஞாபகம் வந்தது. மதியம் குடித்த காபியின் ஒவ்வொரு சொட்டும் இந்த மக்களின் எண்ணெயில் கொதித்தது. அதைக் குடித்துவிட்டு ஒருத்தனைக் கயிற்றுக்கு அனுப்ப இருந்தார். வெட்கமாக இருந்தது.

* * *

சாயங்காலம் லாக்கப் திறந்தது. ஜெயம்மாள் புருஷனின் கிழிந்த உதட்டை முந்தானையால் துடைத்தாள். பிறகுதான் அவளுக்கு மறுபடி அழுகை வந்தது.

"தப்பு என் மேலதான்யா. மன்னிச்சுக்க," என்றார் தாண்டவராயன். ஒரு கூலிக்காரனிடம் போலீஸ் அப்படிச் சொல்லி அந்த ஸ்டேஷன் கேட்டதில்லை.

ஏசுதாஸ் தலையாட்டினான். சண்டை போட அவனிடம் தெம்பு இல்லை.

"பரவால்ல சார். டெப்போ எப்ப தொறப்பாங்க?"

"கொலை நடந்த இடம். சீல் வெச்சாச்சு."

"அந்தாளு ஓட்டல்ல புடிச்ச எண்ணெ?"

"அது கோர்ட்டுக்குப் போகும்."

"கோர்ட்டுல அடுப்பு எரிப்பாங்களா சார்?"

ஏசுதாஸும் ஜெயம்மாளும் ஏரிக்கரைப் பக்கமாகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டே நடந்து போனார்கள்.

கையில் விலங்கோடு முத்துகிருஷ்ணனை பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார்... ஜெயில்ல சோறு எப்புடி சார் குடுப்பாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாண்டவராயன் தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"க்யூலதான். ஆனா அங்க நீயே நிக்கணும்யா!"