மூன்று காட்டும் தொட்டி

அளவைக் கருவிகள் திருத்தும் பிரதாபன் கிளிநொச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, முல்லைத்தீவுக் கரையோர நண்டுத் தொழிற்சாலையில் உச்சி வெயில் எரிந்தது. காவலாளி வீரகத்தி கதவைத் திறந்துவிட்டார். கழிவுநீர்த் தொட்டியின் பி.எச். சென்சர் மூன்றிலேயே நிற்கிறதாம். மூன்று என்றால் அமிலம். ஏழு காட்டினால்தான் தண்ணீரைக் கடலுக்கு விடலாம்.

நிலத்துக்குள் இறக்கிய தொட்டி அது. மூடியைத் தூக்கியதும் நண்டு ஓட்டின் அழுகல் மணம் வந்தது, அதற்கு அடியில் ஈர மண்ணின் மணம்.

பிரதாபன் அவசரக்காரன் அல்ல. சென்சரின் கண்ணாடி முனையைக் கழுவி, நாலும் ஏழும் காட்டவேண்டிய சோதனைக் கரைசல்களில் வைத்துப் பார்த்தான். நாலும் சரி, ஏழும் சரி. தொட்டித் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, சென்சரை அதற்குள் விட்டான். ஏழு. தொட்டிக்குள் இறக்கினான்.

மூன்று.

அப்படியென்றால் தண்ணீரில் குற்றமில்லை. மண்ணோடு தொடர்புள்ள ஏதோ ஒன்று தொட்டிக்குள் இருக்கிறது. அதன் வழியே மின்சாரம் கசிந்து அளவைக் குழப்புகிறது. பம்பை நிறுத்தினான். கலக்கியைக் கழற்றி வெளியே வைத்தான்.

மூன்று.

“நான் கையை வைச்சா சரிவரும், தம்பி,” என்றார் வீரகத்தி.

குந்தியிருந்து தோள்வரை கையை விட்டார். தோல் வெளிறி உரிந்த கை. மீட்டரில் இலக்கம் மெல்ல ஏறி ஏழில் நின்றது.

“எத்தினை நாளாய் இப்பிடிச் செய்யிறியள், அண்ணை?”

“ஒவ்வொரு நாளும். சண்டைக் காலத்திலை இந்த இடத்திலைதான் எங்கடை பங்கர் இருந்தது. செல் குண்டு விழுந்து மண் சரியேக்கை மகளின்ரை கையைப் பிடிச்சிருந்தனான். ஆறு வயசு. விட்டிட்டன்.” குரல் தணிந்தது. “இப்ப அவள் என்னைப் பிடிச்சிருக்கிறாள்.”

பாவம், மனம் பேதலித்த மனிதர் என்று பிரதாபன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்தால்தான் அங்கே நிற்க முடிந்தது.

“எழும்புங்கோ அண்ணை.” இடது கையைத் தண்ணீருக்குள் விட்டு, அவருடைய கையைப் பற்றி வெளியே இழுத்தான்.

இலக்கம் இறங்கவில்லை. ஏழிலேயே நின்றது.

வீரகத்தி தன் வெறும் உள்ளங்கையைப் பார்த்தார். மறுபடி தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“இல்லை, தம்பி. பிள்ளை இல்லை.” அவர் அழுத அழுகையைக் கேட்கச் சகிக்கவில்லை. “எங்கை போயிட்டாள்?”

பிரதாபன் ஓடிப்போய் மோட்டார் சைக்கிளில் ஏறினான். கிளச்சைப் பிடிக்க இடது கை விரியவில்லை.

அதற்குள் குளிர்ந்த சின்னக் கையொன்று இருந்தது.