யாசினின் வேகத்தைத் திருடியது யார்?

வியாழக்கிழமை, காலை ஏழு மணி. தியேஸ் நகரத்து மணல் மைதானத்தில் ஒரு பொருள் காணாமல் போயிருந்தது: யாசினின் வேகம்.

போன மாதம்வரை யாசின் நூறு மீட்டர் ஓடினால் அவள் நிழலே மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். இன்றோ, மேய வந்த ஆடு ஒன்று அவளைச் சாவகாசமாகத் தாண்டிப் போனது. மறுநாள் தலைநகர் டக்காரில் தேசிய அணித் தேர்வு.

"விஷம்தான்," என்று ஊர் கேட்கச் சொன்னார் அவளுடைய அப்பா மோதூ. "கூட ஓடுற சொக்னா குடுத்த ஜூஸ்ல கலந்திருக்கு. அந்த சொக்னாவை நாளைக்கு ஓடவிடக் கூடாது."

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் தியர்னோ வந்தார். மூன்று தெரு தள்ளி மீன் வறுத்தாலும் யார் வீட்டு எண்ணெய் என்று சொல்லும் மூக்கு அவருடையது.

"ஜூஸை நீயும் குடிச்சியா?"

"ஒரே பாட்டில்தான் மாமா," என்றாள் சொக்னா. "குடிச்சிட்டு நல்லாத்தான் ஓடினேன். அதான் என் குத்தம் போல."

யாசினிடம் திரும்பினார். "பயிற்சியில ஏதாவது மாத்தினியா?"

"இல்ல மாமா. அதே ஓட்டம். அந்தக் கோடி வரைக்கும் ஓடி, நடந்து திரும்பி, மறுபடி ஓடுவேன். இப்பல்லாம் ரெண்டாவது ஓட்டத்துலயே கால் கனக்குது."

தியர்னோ அந்தக் கோடிக்கு நடந்தார். மணலில் மூச்சு இரைத்தது. அங்கே வேர்க்கடலை விற்கும் பெண்கள் சலாம் சொல்லி, மனைவி, மக்கள், முழங்கால்வலி, ஆடுகள் என்று ஒவ்வொன்றாக நலம் விசாரித்தார்கள். விசாரணை முடிந்தபோது இரைப்பு அடங்கியிருந்தது.

"யாசினையும் இப்படி விசாரிப்பீங்களா?"

பெண்கள் தலை குனிந்தார்கள். "முன்னாடி. இப்ப சொக்னாவை மட்டும்தான். யாசினை நிறுத்திப் பேசக் கூடாதுன்னு அவ அப்பா உத்தரவு."

தியர்னோ திரும்பி வந்தார்.

"மோதூ, திருடினது நீங்கதான்."

"நானா?"

"அவங்க குசலம் கேட்டு முடிக்கிறதுக்குள்ள இவ கால் முழுசா ஆறிடும். அடுத்த ஓட்டமும் முழு வேகம். நேரம் வீணுன்னு நீங்க பேச்சை நிறுத்தினீங்க. ஓய்வும் அதோட போச்சு. களைச்ச காலோட தினமும் ஓடி, மெதுவா ஓடத்தான் பழகிட்டா."

மோதூ மணலில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளை ஜெயிக்கணும்னுதானய்யா செஞ்சேன்."

"தெரியும்."

"நாளைக்குள்ள சரியாயிடுமா?"

"ஆகாது. வாரக்கணக்காகும்."

வெள்ளிக்கிழமை டக்காரில் சொக்னா முதலாவது. யாசின் கடைசிக்கு முந்தி.

ஓட்டம் முடிந்ததும் மோதூ சொக்னாவின் எதிரே போய் நின்றார். "சலாம்மா. வீட்டுல எல்லாரும் சுகமா? அம்மா சுகமா?"

பகையாளி சலாம் சொன்னாலும் பதில் சொல்லிவிட்டுப் போகிற ஊர் அவர்களுடையது. சொக்னா ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவரைத் தாண்டி நடந்தாள்.